பழைய டிராக்டரும் பள்ளி மாணவரும்: தொழிற்கல்வி பற்றிய ஒரு வரலாற்றுச் சிந்தனை

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காண்கின்றது. விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தளிக்குமாறு கழகப் பொறுப்பாளர்கள் எம்மைப் பணித்தபோது, நம் தலைவர்களின் வரலாற்றினையே எழுதலாம் என்று முதலில் கருதினோம். அதற்குத் தகுதி வாய்ந்தோர் இம்மலரில் பலர் உளர். ஆகவே யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். துருப்பிடித்துக் கிடக்கும் பழைய டிராக்டர் ஒன்றை உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் ஓடச் செய்வது என்பதே அப்பொருள். இது சிறிய பொருளாகத் தோன்றலாம். எனினும் இதன் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு நம் வாழ்வுக்கும் அயலானதன்று.

யாம் சிறுவராய் இருந்த 1970களின் இறுதியில் எம் ஊர் நிலக்கிழார் ஒருவர் டிராக்டர் வாங்கினார். எம் தந்தையார் அவரிடம் பண்ணை வேலை பார்த்தவர். உழவு மும்முரமாக நடந்த ஒரு நாள் மாலையில் அந்த வண்டி வயலிலேயே நின்றுவிட்டது. நகரத்திலிருந்து மெக்கானிக் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. இரவு முழுதும் எம் தந்தையார் அரிக்கேன் விளக்கைப் பிடித்தவாறு நின்றார். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டியபோது, "நீ விளக்கைப் பிடி, அது போதும்" என்று அதட்டப்பட்டார். மறுநாள் வீடு திரும்பியவர் எம்மிடம், "விடிய விடிய வெளிச்சம் காட்டினேன்; அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லையப்பா" என்றார். அச்சொல் எம் நெஞ்சில் நிலைத்துவிட்டது. கருவியின் உள்ளே இருப்பதை அறியும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவே இக்கட்டுரையின் வித்து.

அவ்வினாவை நம்மைப்போலவே எதிர்கொண்ட மக்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களாவர். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946இல் கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்கு அவர் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டார். எனவே அந்நாட்டு வரலாற்றை நாம் அறிவது நமக்குப் பயன் தரும்.

செயல்திட்டம் என்னும் முறை

யாம் பி.எட். பயின்ற காலத்தில் 'செயல்திட்ட முறை' என்பதைக் கில்பாட்ரிக் என்னும் பெயருடன் சேர்த்துத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அதன் பொருளை அன்று உணர்ந்தோமில்லை. இன்றும் பல பள்ளிகளில் செயல்திட்டம் என்பது கடையில் வாங்கிய படங்களை அட்டையில் ஒட்டிக் கொடுப்பதாகவே முடிந்துவிடுகின்றது.

உண்மையில் அம்முறையின் வேர்களுள் ஒன்று உழவுக் கல்வியில் இருக்கின்றது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்தாம்ப்டன் நகரில் உழவுப் பள்ளி ஒன்றை நடத்திய ரூஃபஸ் ஸ்டிம்சன், 1908 முதல் தம் மாணவர் ஒவ்வொருவரையும் வீட்டு நிலத்தில் ஒரு திட்டத்தைத் தாமே மேற்கொள்ளுமாறு செய்தார். பள்ளியில் கற்றது வீட்டில் செயலாயிற்று; செயலில் எழுந்த ஐயம் மீண்டும் பள்ளிக்கு வந்தது. 1917இல் அமெரிக்க மத்திய அரசு இயற்றிய ஸ்மித்-ஹியூஸ் சட்டம், உழவுத் தொழிற்கல்வி பயிலும் மாணவர் ஆண்டுக்குக் குறைந்தது 6 மாதங்கள் ஆசிரியர் மேற்பார்வையில் நேரடிப் பயிற்சி பெறவேண்டும் என விதித்தது. 1918இல் கொலம்பியா ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கில்பாட்ரிக் செயல்திட்ட முறை பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார்.

கில்பாட்ரிக்கின் சிந்தனைக்கு ஊற்றாக விளங்கியவர் ஜான் டூயி. செயல்வழியே அறிவு பிறக்கின்றது என்று கூறி, 1896இல் சிகாகோவில் சோதனைப் பள்ளி ஒன்றை நிறுவியவர் அவர். அவரே கொலம்பியாவில் அண்ணல் அம்பேத்கருக்கும் ஆசிரியராக அமைந்தார். 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் தம் ஆசிரியரை நன்றியுடன் குறிப்பிடுகின்றார். சாதி என்பது தொழிலைப் பிரிப்பதன்று, தொழிலாளரையே பிரிப்பது என்னும் அரிய கருத்தை விளக்கியதும் அவ்வுரையேயாகும். கையால் உழைப்போர் ஒருபுறமும் கருத்தால் அறிவோர் மறுபுறமும் என்று பிரித்து வைப்பதே சாதியின் வேலை. கையையும் கருத்தையும் ஒரே மாணவனிடத்தில் சேர்த்து வைப்பதே செயல்திட்டத்தின் வேலை. ஆகவே இம்முறை நமக்கு வெறும் கற்பித்தல் முறையன்று என்பது தெளிவு.

இரு பள்ளிகள், இரு கழகங்கள்

சட்டம் நன்றாயினும் சமுதாயம் நன்றாக இருக்கவில்லை. 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'தனித்தனி, ஆயினும் சமம்' என்னும் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. அதனால் தென் மாநிலங்களில் வெள்ளையர்க்கு ஒரு பள்ளியும் கறுப்பினத்தார்க்கு வேறொரு பள்ளியும் இருந்தன. தனித்தனி என்பது நடைமுறைக்கு வந்தது. சமம் என்பது வரவில்லை. கறுப்பினப் பள்ளிகளுக்கு நிதி குறைவு, கட்டடம் குறைவு, கருவிகளும் குறைவு.

அந்நிலையிலும் அம்மக்களின் ஆசிரியர்கள் சோர்ந்துவிடவில்லை. 1906இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அலபாமாவின் டஸ்கீகி நிலையத்திலிருந்து, குதிரை பூட்டிய வண்டியொன்றில் உழவுக் கருவிகளை ஏற்றிச் சிற்றூர்தோறும் அனுப்ப ஏற்பாடு செய்தார். பள்ளிக்கு வரவியலாத உழவரிடம் பள்ளியே சென்றது. 1927இல் வர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பின உழவு மாணவர்களுக்கெனக் கழகம் ஒன்று தோன்றிற்று. அதனை உருவாக்க முன்னின்றவர்களுள் ஒருவரான ஜார்ஜ் வாஷிங்டன் ஓவன்ஸ், 1899இல் கன்சாஸ் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவராவார். வெள்ளை மாணவர்களின் 'அமெரிக்க வருங்கால உழவர்' என்னும் தேசியக் கழகம் 1928இல் கன்சாஸ் நகரில் தோன்றியது. கறுப்பின மாணவர்களின் 'அமெரிக்கப் புதிய உழவர்' கழகம் 1935இல் டஸ்கீகியில் தேசிய அமைப்பாக மலர்ந்தது.

அப்புதிய உழவர் கழகம் மாணவர்க்கு நான்கு படிநிலைகளை வகுத்திருந்தது. முதற்படி 'பண்ணையாள்'; அடுத்தது 'மேம்பட்ட உழவர்'; மூன்றாவது 'நவீன உழவர்'; உச்சியில் 'உயர்ந்த உழவர்'. பண்ணையாள் என்ற சொல்லின் சுமையை அறிந்தோர் நாம். அம்மக்கள் அச்சொல்லைக் கண்டு நாணவில்லை. அதனை ஏணியின் முதற்படியாக்கி, அதிலேயே நின்றுவிடலாகாது என்று தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

டிராக்டர் வந்தது, ஆட்கள் வெளியேறினர்

இதே காலத்தில்தான் டிராக்டரும் பெருகிற்று. 1917இல் ஹென்றி ஃபோர்டின் 'ஃபோர்ட்சன்' விற்பனைக்கு வந்தது. வரிசைப் பயிர்களுக்கு இடையே களையெடுக்க ஏற்ற 'ஃபார்மால்' 1924இல் வந்தது. 1920இல் அமெரிக்கப் பண்ணைகளில் சுமார் 2.5 லட்சமாக இருந்த டிராக்டர்களின் எண்ணிக்கை, 1950இல் 30 லட்சத்தைக் கடந்துவிட்டது.

இவ்வளர்ச்சி எல்லார்க்கும் ஒரே வகையாய் அமையவில்லை. பருத்திச் சாகுபடிப் பரப்பைக் குறைத்தால் அரசு பணம் தரும் என்று 1933இல் சட்டம் வந்தது. நிலவுடைமையாளர் பலர் அப்பணத்தைப் பெற்றுக்கொண்டு, வாரக் குடியானவர்களை வெளியேற்றி, டிராக்டர் வாங்கினர். 1944இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில், விதைப்பது முதல் பறிப்பது வரை முழுவதும் எந்திரத்தாலேயே பருத்தி விளைவிக்கப்பட்டது. கைகளின் தேவை குறைந்தது. 1910க்கும் 1970க்கும் இடையே சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அதற்கு இனக்கொடுமையும் காரணம், எந்திரமும் காரணம்.

எந்திரத்தைப் பகைத்துப் பயனில்லை. அது யார் கையில் இருக்கின்றது, அதனை யார் அறிவர் என்பதே வினா. நம் சிற்றூர்களிலும் ஏரோட்டியவனுக்கு வேலை குறைந்தபோது, டிராக்டரை ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றவனுக்கு வேலை கிடைத்தது. இதனை நம் கண்ணெதிரே கண்டோம்.

பழுது நீக்கும் பாடம்

1930 முதல் 1950கள் வரை செய்யப்பட்ட டிராக்டர்கள் காலப்போக்கில் பயன் குன்றி, கொட்டகைகளின் பின்னே துருவேறிக் கிடந்தன. அவற்றைப் புதுப்பிப்பது அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளின் உழவுத் தொழிற்கல்விப் பட்டறைகளில் விரும்பத்தக்க செயல்திட்டமாயிற்று. மாணவர்களுக்கெனத் தேசிய அளவில் போட்டியும் நடத்தப்பட்டது. அப்பாடம் எவ்வாறு நடைபெறும் என்பதை ஒரு சான்றால் விளக்குவோம்.

1947 முதல் 1952 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட 'ஃபோர்டு 8என்' என்னும் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், சுமார் 2 லிட்டர் கொள்ளளவு, 6 வோல்ட் மின்னமைப்பு உடையது அது. முதற்பணி கருவியைத் தொடுவதன்று. எந்திரத்தின் வரிசை எண்ணைப் பார்த்து அது பிறந்த ஆண்டை அறிவதும், பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படமெடுப்பதும், கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் பெயர் எழுதிய டப்பாக்களில் இட்டு வைப்பதுமே முதற்பணி. மாணவன் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கி, நாள், செய்த வேலை, வாங்கிய பொருள், செலவான பணம் ஆகியவற்றை அன்றன்றே எழுதவேண்டும்.

பல ஆண்டுகள் நின்ற எந்திரத்தில் பிஸ்டன்கள் சிலிண்டரோடு துருவால் இறுகியிருக்கும். அவசரப்பட்டு விசையுடன் சுழற்றினால் உள்ளே முறியும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகள் வழியே ஊடுருவும் எண்ணெய் ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, பிறகு மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். பொறுமை என்னும் பாடத்தை இதைவிட நன்றாக எந்த நீதிநூல் கற்பிக்கும்? அடுத்து, சிலிண்டரில் காற்று எவ்வளவு அழுத்தப்படுகின்றது என்று அளந்து, வால்வுகளும் வளையங்களும் தேய்ந்துள்ளனவா என அறிவர். கார்புரேட்டரைப் பிரித்து அடைப்புகளை நீக்குவர். ரேடியேட்டரின் சேற்றைக் கழுவுவர். பேரிங்குகளையும் எண்ணெய்க் கசிவையும் சோதிப்பர். துருவை அகற்றி, பிரைமர் பூசி, பழைய நிறத்தையே மீண்டும் தீட்டுவது கடைசி வேலை. நிறம் முதலில் வந்தால் பழுது உள்ளே ஒளிந்துகொள்ளும்.

இவ்வேலையில் இயற்பியல் எல்லா இடத்திலும் இருக்கின்றது. 1939இல் வந்த 'ஃபோர்டு 9என்' டிராக்டரில் ஹாரி ஃபெர்குசன் என்னும் அயர்லாந்துப் பொறியாளரின் மும்முனை இணைப்பு பொருத்தப்பட்டது. அதற்கு முன் கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்புறம் தூக்கிப் பின்னே கவிழ்ந்து, ஓட்டுநர் உயிரிழப்பதும் உண்டு. ஃபெர்குசன் கலப்பையை மூன்று இடங்களில் இணைத்து, இழுவிசை முன்புறத்தைக் கீழே அழுத்துமாறும், கலப்பையின் சுமை பின்சக்கரங்களுக்குப் பிடிப்பைத் தருமாறும் அமைத்தார். நெம்புகோல் தத்துவத்தைக் கரும்பலகையில் கண்ட மாணவன், இங்கே அதனைக் கையால் தொட்டு உணர்கின்றான். ஃபெர்குசனின் நிறுவனம் 1953இல் மாசி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது; பின்னர் அது மாசி ஃபெர்குசன் எனப் பெயர் பெற்றது. அதனோடு கூட்டுச் சேர்ந்தே 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் வயல்களில் ஓடும் சிவப்பு டிராக்டரின் பின்னே உள்ள மூன்று கைகளுக்கும் அந்த வரலாறு உண்டு.

போட்டிகளில் எந்திரம் ஓடுவதோடு நடுவர்கள் நிறைவடைவதில்லை. குறிப்பேட்டைப் பார்ப்பர், மாணவனை நிறுத்தி, இதனை ஏன் இவ்வாறு செய்தாய் என்று கேட்பர். அந்த 'ஏன்' என்னும் கேள்வியே மெக்கானிக்கின் கையாளையும் மாணவனையும் வேறுபடுத்துவது.

இது குலக்கல்வியா?

இங்கே நம் பெரியோர் சிலர் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். "நம் பிள்ளைகள் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் செல்லட்டும். மீண்டும் அவர்கள் கையில் கரி பூசுவானேன்?" என்பர். அந்த ஐயம் நியாயமானது. 1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், சிற்றூர்ப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை 3 மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. பெரியார் உள்ளிட்ட பலர் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என எதிர்த்தனர்; 1954இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. அமெரிக்காவிலும் இவ்விவாதம் நடந்தது. 1881இல் டஸ்கீகியைத் தொடங்கிய புக்கர் வாஷிங்டன், முதலில் கைத்தொழில் என்றார். அம்மாணவர்கள் தாமே செங்கல் சுட்டுத் தம் பள்ளியைக் கட்டினர். டு பாய்ஸ் 1903இல் அதனை மறுத்து, உயர்கல்விக் கதவை அடைக்கும் எத்தொழிற்கல்வியும் அடிமைத்தளையாகும் என்னும் கருத்துப்பட எழுதினார்.

இருவர் கூற்றையும் எண்ணிப் பார்த்து, மூன்று உரைகற்களை யாம் கண்டுகொண்டோம். தொழிலை மாணவன் தேர்ந்தெடுக்கின்றானா, பிறப்பு தேர்ந்தெடுக்கின்றதா? வேலையுடன் அதன் காரணமும் கற்பிக்கப்படுகின்றதா? அது பாடநேரத்தைக் கூட்டுகின்றதா, குறைக்கின்றதா? குலக்கல்வி இம்மூன்றிலும் தோற்றது. பழைய டிராக்டரைப் பிரித்துப் பூட்டும் பட்டறை, முறையாக நடத்தப்பட்டால், மூன்றிலும் தேறும். அங்கே பயின்றவன் மெக்கானிக்காகலாம், பொறியாளனாகலாம், வழக்கறிஞனாகவும் ஆகலாம்.

இணைந்தபோது இழந்தவை

வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் மறைக்கலாகாது. 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு மாறானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1965இல் 50,000க்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்த புதிய உழவர் கழகம், வருங்கால உழவர் கழகத்தோடு இணைக்கப்பட்டது. இணைந்தது நீதியே. ஆனால் கறுப்பின மாணவர்களின் கழகத்துக்குரிய பெயரும், கறுப்பும் பொன்னுமான அவர்தம் மேலாடையும், அவர்கள் கட்டி வளர்த்த தலைமைப் பொறுப்புகளும் மறைந்தன. கறுப்பின ஆசிரியர் பலர் பதவி இழந்தனர். கறுப்பின உறுப்பினர் தொகையும் வீழ்ந்தது. ஒன்றிணைந்த கழகத்தின் தேசியத் தலைவராகக் கறுப்பின மாணவர் ஒருவர் முதன்முதலாகத் தேர்வு பெற்றது 1994இல்தான். மாணவியர் உறுப்பினராக இசைவு பெற்றதும் 1969இல்தான் என்பதை நம் தங்கையர் நினைவிற் கொள்க.

தொழிலறிவு மட்டுமே நிலத்தைக் காக்கவில்லை என்பதும் உண்மை. 1920இல் சுமார் 9,25,000 ஆக இருந்த கறுப்பின உழவர் தொகை, 1997இல் 20,000க்கும் குறைந்துவிட்டது. அவ்வாண்டில், அரசுக் கடன் வழங்குவதில் தமக்குப் பாகுபாடு காட்டப்பட்டதென அவர்கள் தொடுத்த வழக்கு 1999இல் உடன்பாட்டில் முடிந்து இழப்பீடு தர வழி செய்தது. ஆகவே கையறிவும் வேண்டும். சட்ட அறிவும் வேண்டும். இரண்டையும் தாங்கி நிற்கச் சொந்த அமைப்பும் வேண்டும். பொது நீரோட்டத்தில் நாம் கலத்தல் வேண்டும். எனினும் நம் கழகத்தின் விளக்கை அணைத்துவிட்டுக் கலத்தல் வேண்டா.

நம் கடமை

கழகத்தின் 26ஆம் ஆண்டில் ஞாயிறுதோறும் இயங்கும் பழுதுபார்ப்புப் பட்டறை ஒன்றைத் தொடங்கலாம் என்பது எம் வேண்டுகோள். டிராக்டர் கிடைக்காவிடில் வருந்த வேண்டா. ஓடாத எண்ணெய் எஞ்சின், எரிந்துபோன பம்புசெட் மோட்டார், மூலையில் கிடக்கும் தையல் எந்திரம் எதுவாயினும் போதும். நம் உறுப்பினருள் மெக்கானிக் வேலை அறிந்தோர் பலர் உளர். அவர்களை ஆசிரியராக அமர்த்துவோம். அறிவியல் ஆசிரியர் ஒருவர் உடனிருந்து 'ஏன்' என்று கேட்கட்டும். ஆண் பெண் இருபாலரும் வரட்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். ஓய்வு பெறும் நாள் எமக்கு நெருங்குகின்றது. அப்பட்டறையில் குறிப்பேடுகளைத் திருத்தும் பணியை யாமே ஏற்றுக்கொள்வோம்.

இளைஞர்களே! எம் தந்தையார் விளக்குப் பிடித்து நின்ற இரவில், அவ்வெளிச்சத்தில் வேறொருவர் எந்திரத்தை அறிந்துகொண்டார். நீங்களே விளக்கைப் பிடியுங்கள். நீங்களே ஸ்பேனரையும் பிடியுங்கள். கண்டறிந்ததை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். 25 ஆண்டுகள் எழுத்தறிவித்த நம் கழகம், இனி எந்திரத்தையும் திறந்து காட்டட்டும்.

வாழ்க நம் கழகம்! வளர்க நம் இளைஞர் அறிவு!